காங்கோவின் அதிகார நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தியில் காங்கோ என்று காதில் விழுந்தாலே "அங்கே எப்போதும் சண்டைதானே" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். 1960-லிருந்து அந்த நாட்டில் யாரும் தன் காலால் நடந்துபோய் ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே நிலைத்ததில்லை. யாரோ தூக்கிவிட்டார்கள், இவர் உட்கார்ந்தார். அப்புறம் தூக்கிவிட்டவருக்கும் உட்கார்ந்தவருக்கும் தகராறு. அந்தக் கண்ணோடு பார்த்தால் பெயர்களும் தேதிகளும் அவ்வளவாகக் குழப்பாது. இந்த வரலாற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், எந்தக் காங்கோ? இரண்டு இருக்கின்றனவே?

ஆமாம். காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் ஒவ்வொரு தலைநகரம். வடகரையில் பிராசவில், அது பிரான்ஸின் பழைய குடியேற்றம். தென்கரையில் கின்ஷாசா, அது பெல்ஜியத்தின் பழைய குடியேற்றம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கக் கட்டடங்கள் தெரியும். நாம் பேசப்போவது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பற்றி. நடுவில் சில காலம் அதற்கு சயீர் என்று பெயர்.

பெல்ஜியம் மாதிரி ஒரு சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய நிலம் எப்படிக் கிடைத்தது?

பெல்ஜியத்துக்குக் கிடைக்கவில்லை, அதன் அரசருக்குக் கிடைத்தது. 1884-85இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோடும் விதிகளைப் பேசி முடித்த கையோடு, இரண்டாம் லியோபோல்ட் அந்த நிலத்தைத் தன் சொந்தச் சொத்தாக எடுத்துக்கொண்டார். பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேலான நிலம் ஒரு தனிமனிதரின் பண்ணை. காட்டு ரப்பர் இவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று ஊருக்கு ஊர் கணக்கு வைத்தார்கள். கொண்டுவராத ஊருக்குச் சிப்பாய்கள் போனார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கையைக் காட்ட வேண்டும். தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்த சிப்பாய் கணக்கை நேர் செய்ய உயிரோடு இருந்தவர்களின் கையை வெட்டினான். வெளியுலகில் கண்டனம் பெருகி, 1908இல் பெல்ஜிய அரசு நிலத்தை அரசரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இந்தப் பழங்கதை எதற்கு என்றால், 'அரசாங்கம்' என்ற ஒன்றை அந்த மக்கள் முதன்முதலில் பார்த்ததே ஒரு வசூல் இயந்திரமாகத்தான். பின்னால் வந்தவர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை, சாவியைத்தான் மாற்றிக்கொண்டார்கள்.

சுதந்திர தினத்திலேயே சண்டை தொடங்கிவிட்டது என்கிறார்களே?

அந்த இரண்டு நாள்களையும் விரித்தே சொல்ல வேண்டும். 1960 ஜூன் 29 அன்று பெல்ஜிய அரசர் போதுவான் திறந்த காரில் நின்றபடி ஊர்வலமாக வருகிறார். கூட்டத்திலிருந்து கோட்டும் டையும் அணிந்த ஒரு காங்கோ இளைஞர் பாய்ந்து, அரசரின் இடுப்பு வாளை உருவிக்கொண்டு ஓடுகிறார். ஒரு ஜெர்மானியப் புகைப்படக்காரர் அந்த நொடியைச் சரியாகப் பிடித்துவிட்டார். அரசர் ஒன்றும் நடக்காதது போல நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார், வாள் வேறொருவர் கையில்.

மறுநாள் ஜூன் 30, விழா. அரசர் தன் முன்னோர் லியோபோல்டை மேதை என்று புகழ்ந்து பேசினார். குடியரசுத் தலைவர் ஜோசப் கசவுபு பணிவாக நன்றி சொன்னார். நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே பிரதமர் பத்ரிஸ் லுமும்பா எழுந்தார். இந்தச் சுதந்திரம் தானமாக வந்ததல்ல, கண்ணீராலும் நெருப்பாலும் ரத்தத்தாலும் வென்றது என்றார். பட்ட அவமானங்களை அடுக்கினார். அதில் ஒன்று தமிழருக்கு விளக்கமே இல்லாமல் புரியும்: கறுப்பரை எல்லோரும் 'நீ' என்றே கூப்பிட்டார்கள், அது நட்பினால் அல்ல, மரியாதையான 'நீங்கள்' வெள்ளையருக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருந்ததால். பிரெஞ்சிலும் நம்மைப் போல இரண்டு சொல் உண்டு.

கூடியிருந்த காங்கோக்காரர்கள் கைதட்டினார்கள். அரசர் கோபத்தில் உடனே கிளம்பப் பார்த்தார், சமாதானம் பேசி உட்காரவைத்தார்கள். மேற்கத்தியத் தலைநகரங்களில் லுமும்பாவின் பெயருக்கு நேரே கோடு விழுந்தது அன்றைக்குத்தான் என்று பலர் எழுதுகிறார்கள். என் கணக்கில் பேச்சு ஒரு சாக்கு. சுரங்கம்தான் காரணம்.

பிறகு ஏன் இரண்டே வாரத்தில் நாடு சிதறியது?

விடுதலை அடைந்தபோது நாட்டில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் இருபது பேர்கூட இல்லை. படையில் ஒரே ஒரு காங்கோ அதிகாரிகூட இல்லை, அத்தனை பேரும் பெல்ஜியர். சுதந்திரம் வந்த அடுத்த வாரமே தளபதி ஜான்சென்ஸ் சிப்பாய்களைக் கூட்டி, கரும்பலகையில் 'சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்' என்று எழுதிக் காட்டினார். நமக்கு ஒன்றும் மாறாதா என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். படை கலகத்தில் இறங்கியது. பெல்ஜியர்கள் குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். அவர்களைக் காப்பாற்ற என்று பெல்ஜியத் துருப்புகள், அனுமதி கேட்காமல், திரும்ப வந்து இறங்கின.

ஜூலை 11 அன்று கட்டாங்கா மாகாணம் தனிநாடு என்று அதன் தலைவர் மோயீஸ் சோம்பே அறிவித்தார். செம்பும் கோபால்ட்டும் யுரேனியமும் இருந்தது அங்கேதான். ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி கட்டாங்காவின் ஷிங்கொலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. சுரங்கங்களை நடத்திய 'யூனியன் மினியேர்' நிறுவனம், லுமும்பாவின் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியைச் சோம்பேக்குக் கட்டியது. அடுத்த மாதம் வைரம் விளையும் தென் கசாயும் பிரிந்தது. கஜானாவுக்குப் பணம் வரும் குழாய்கள் அடைபட்டன.

லுமும்பா ஐ.நா.வைக் கூப்பிட்டார். படை வந்தது, ஆனால் கட்டாங்காவைப் பலவந்தமாக இணைக்க மாட்டோம் என்றது. சரி என்று சோவியத் ஒன்றியத்திடம் விமானமும் லாரியும் வாங்கினார். அமெரிக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரையொருவர் பதவி நீக்கம் செய்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். 1960 செப்டம்பர் 5 மாலை கசவுபு வானொலியில் லுமும்பாவை நீக்குவதாக அறிவித்தார். சிறிது நேரத்தில் லுமும்பா அதே வானொலி நிலையத்துக்குப் போய் கசவுபுவை நீக்குவதாக அறிவித்தார். நாடாளுமன்றம் இரண்டு நீக்கங்களையும் ஏற்கவில்லை.

உடனே ஐ.நா. அதிகாரிகள் கலவரத்தைத் தடுக்கிறோம் என்று வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடினார்கள். பார்வைக்கு நடுநிலைதான். ஆனால் கசவுபுவுக்கு ஆற்றின் அக்கரையில் பிராசவில் வானொலி திறந்திருந்தது, அங்கிருந்து பேசினார். லுமும்பாவுக்குப் பேச இடமில்லை. மேலே இரண்டு தலைநகரங்களும் எதிரெதிரே என்று சொன்னேனே, அதன் பலன் இது.

செப்டம்பர் 14 அன்று மூன்றாவது ஆள் வானொலிக்கு வந்தார். படையின் தலைமை அதிகாரி, கர்னல் ஜோசப் மொபுட்டு. அவருக்கு இன்னும் முப்பது வயது நிறையவில்லை. இருவரையும் 'செயலிழக்கச் செய்வதாக' அறிவித்தார். பழைய படையில் சார்ஜெண்டாக இருந்து, பிறகு பத்திரிகையாளராகி, லுமும்பாவின் நம்பிக்கைக்குரிய செயலாளராக இருந்தவர். படையில் அவரை உயர்த்தி வைத்ததே லுமும்பாவின் அரசு. செயலிழக்கச் செய்தது இருவரையும் என்றாலும், கசவுபு தன் மாளிகையில் தொடர்ந்தார், லுமும்பா வீட்டுக்காவலில் கிடந்தார்.

லுமும்பாவைக் கொன்றது யார்? சி.ஐ.ஏ.வா?

சி.ஐ.ஏ. திட்டம் போட்டது. விஷம்கூட காங்கோவுக்கு வந்து சேர்ந்தது. 1975இல் அமெரிக்க செனட் விசாரணையே இதை வெளிக்கொண்டுவந்தது. ஆனால் அந்த விஷம் பயன்படவில்லை. அதற்குமுன் வேறு கைகள் முந்திக்கொண்டன.

லுமும்பாவின் வீட்டைச் சுற்றி இரண்டு வளையம். உள்ளே அவரைக் காக்க ஐ.நா. வீரர்கள், வெளியே அவரைப் பிடிக்க மொபுட்டுவின் வீரர்கள். நவம்பர் 27 இரவு, மழையில், காரில் நழுவினார். தன் ஆதரவாளர்கள் இருந்த ஸ்டான்லிவில் நோக்கிப் பயணம். வேகமாகப் போயிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் வழியில் ஊர் ஊராக மக்கள் மறித்தார்கள், இவரும் இறங்கிப் பேசினார். சங்குரு ஆற்றை அவர் கடந்துவிட்டார், மனைவியும் சின்னக் குழந்தையும் இன்னும் பின்கரையில் இருந்தார்கள். அதற்குள் சிப்பாய்கள் அங்கே வந்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் தடுத்தும், அவர் ஆற்றைத் திரும்பக் கடந்து வந்து பிடிபட்டார்.

1961 ஜனவரி 17 அன்று அவரையும் தோழர்கள் ம்போலோ, ஒகிட்டோ இருவரையும் விமானத்தில் கட்டாங்காவுக்கு, அதாவது பரம எதிரியின் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். விமானத்திலேயே அடி. அன்றிரவே சோம்பேயின் அமைச்சர்கள் பார்த்திருக்க, பெல்ஜிய அதிகாரிகள் உடனிருக்க, மூவரையும் சுட்டார்கள். லுமும்பாவுக்கு வயது 35.

ஆகவே 'யார்' என்று ஒருமையில் கேட்டால் பதில் இல்லை. அனுப்பியது லியோபோல்ட்வில் (கின்ஷாசாவின் அன்றைய பெயர்), சுட்டது கட்டாங்கா, கூட நின்றது பெல்ஜியம், வேண்டியிருந்தது வாஷிங்டன், பார்த்துக்கொண்டிருந்தது ஐ.நா. பெல்ஜிய நாடாளுமன்றக் குழு 2001இல் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது, 2002இல் அரசு மன்னிப்புக் கேட்டது.

இதில் இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1960-61இல் காங்கோவில் ஐ.நா. செயலரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்தவர் இந்தியத் தூதர் ராஜேஷ்வர் தயாள். பிறகு இந்தியப் படைப்பிரிவு ஒன்று போனது. 1961 டிசம்பர் 5 அன்று கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில் விமானத்தளம் அருகே, கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 16 வீரர்களோடு தன்னைவிடப் பெரிய கட்டாங்கா அணியின்மேல் பாய்ந்து, அந்தச் சண்டையிலேயே இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. பிற்காலத்திலும் கிழக்குக் காங்கோவில் நீலத் தொப்பி அணிந்த இந்திய வீரர்கள் பல ஆண்டு காவல் இருந்தார்கள்.

1961-க்கும் 1965-க்கும் நடுவில் என்ன ஆயிற்று?

சுருக்கமாக: ஐ.நா. செயலர் ஹாமர்ஷீல்ட் சமாதானம் பேசப் போகும் வழியில் 1961 செப்டம்பரில் விமானம் விழுந்து இறந்தார். 1963 ஜனவரியில் கட்டாங்காவின் தனிநாடு முடிந்தது. 1964இல் லுமும்பாவின் ஆட்கள் கிழக்கில் 'சிம்பா' கிளர்ச்சி செய்தார்கள். அதை அடக்க அழைத்து வந்து பிரதமராக்கப்பட்டவர் யார் தெரியுமா? நாட்டை உடைத்த அதே சோம்பே. 1965இல் சே குவேரா கிழக்குக் காட்டுக்கு வந்து ஏழு மாதம் இருந்து, நொந்துபோய்த் திரும்பினார். அவரை நோகவைத்தவர்களில் லோரான் கபிலா என்ற இளைஞரும் ஒருவர், போர்முனைக்கே வராத தளபதி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கசவுபுவும் சோம்பேயும் மோதிக்கொண்டிருந்தபோது, 1965 நவம்பரில் மொபுட்டு இரண்டாம் முறை வந்தார். இம்முறை எழுந்து போகவில்லை.

மொபுட்டு முப்பதாண்டுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார்?

முதலில் பயம். 1966 ஜூனில் ஒரு முன்னாள் பிரதமர் உட்பட நான்கு அரசியல்வாதிகளைச் சதிகாரர்கள் என்று கின்ஷாசாவில் பல்லாயிரம் பேர் பார்க்கத் தூக்கிலிட்டார். 1967இல் தன் கட்சியைத் தொடங்கினார், பிறகு அதுவே நாட்டின் ஒரே கட்சி. ஆனால் பயத்தை மட்டும் வைத்து இவ்வளவு காலம் ஓட்ட முடியாது. அவருடைய உண்மையான கலை சுழற்சி. யாரையும் ஓரிடத்தில் வேர்விட விடமாட்டார், யாரையும் ஒரேயடியாகத் தூக்கியெறியவும் மாட்டார்.

ங்குசா கார்ல்-இ-போன்ட் என்பவரின் கதையைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சராக இருந்தார். 1977இல் துரோகி என்று பிடித்து மரண தண்டனை விதித்தார்கள். மறுவருடம் விடுதலை. 1979இல் மறுபடி வெளியுறவு அமைச்சர். 1980இல் பிரதமர். 1981இல் நாட்டைவிட்டுத் தப்பி, வாஷிங்டன் போய் நாடாளுமன்றக் குழு முன்னால் மொபுட்டுவின் கொள்ளையைப் பற்றிச் சாட்சி சொன்னார். கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? 1985இல் மன்னிப்போடு நாடு திரும்பினார். 1986இல் எந்த ஊரில் போய்த் திட்டினாரோ அந்த வாஷிங்டனுக்கே தூதர்! 1988இல் இன்னொரு முறை வெளியுறவு அமைச்சர், 1991இல் இன்னொரு முறை பிரதமர். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற அரசியல்வாதிகள் என்ன முடிவுக்கு வருவார்கள்? எதிர்த்தால் சிறை, ஆனால் திரும்பி வந்தால் பதவி. எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் பனிப்போர். பக்கத்து அங்கோலாவில் சோவியத் சார்பு அரசு, எனவே மேற்குக்கு மொபுட்டு தேவை. 1977இல் அங்கோலா வழியாகக் கிளர்ச்சியாளர்கள் கட்டாங்காவுக்குள் வந்தபோது மொராக்கோ படை வந்து காப்பாற்றியது. 1978இல் திரும்ப வந்தபோது பிரெஞ்சு அயல்படையினர் அங்கிருந்த சுரங்க நகரமான கொல்வேசியில் பாரசூட்டில் குதித்தார்கள். நிக்சனிலிருந்து மூத்த புஷ் வரை வெள்ளை மாளிகையில் கைகுலுக்கல். சொந்தப் படைக்குச் சம்பளம் கொடுக்காத ஒருவரின் நாற்காலியை மற்ற நாட்டுப் படைகள் பிடித்துக்கொண்டிருந்தன.

நாட்டின் பெயரையும் மக்களின் பெயரையும் மாற்றினாராமே?

1971இல் நாடு சயீர் ஆனது. ஊர்ப் பெயர்கள் அதற்கு முன்பே மாறிவிட்டன: லியோபோல்ட்வில் கின்ஷாசாவாக, ஸ்டான்லிவில் கிசங்கானியாக, எலிசபெத்வில் லுபும்பாஷியாக. கிறிஸ்தவப் பெயர் வைக்கக் கூடாது, கோட்டும் டையும் போடக் கூடாது, ஆண்களுக்குக் கழுத்து மூடிய 'அபாகோஸ்ட்' சட்டை. ஒருவரையொருவர் 'குடிமகன்', 'குடிமகள்' என்று விளிக்க வேண்டும். அவரும் ஜோசப்பைக் கழற்றிவிட்டு மொபுட்டு செசே செகோ என்று தொடங்கும் நீண்ட பெயரைச் சூடிக்கொண்டார். தொலைக்காட்சிச் செய்தி தொடங்கும்போது மேகங்களுக்கு நடுவிலிருந்து அவர் முகம் இறங்கி வரும். சும்மா கேலி செய்து ஒதுக்கவும் முடியவில்லை. ஐரோப்பியர் வைத்த பெயரோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த மாற்றத்தில் ஒரு பெருமிதம் இருந்திருக்கும். அந்தப் பெருமிதத்தையே அவர் செலாவணியாக்கினார்.

1973 நவம்பரில் அதன் பொருளாதாரப் பதிப்பு வந்தது. வெளிநாட்டார் வைத்திருந்த கடை, தோட்டம், சிறுதொழில் எல்லாம் சயீரியர் கைக்கு. கிரேக்கர், போர்ச்சுகீசியர், இந்தியர் என்று நாலா தேசத்து வணிகர்களும் ஒரே நாளில் உரிமை இழந்தார்கள். கிடைத்தது யாருக்கு? கட்சிக்காரர்கள், அமைச்சர்கள், மொபுட்டுவின் சொந்தங்கள். பலர் அலமாரியில் இருந்த சரக்கை விற்றுக் காசாக்கினார்கள், புதுச் சரக்கு வாங்கவில்லை, கதவைச் சாத்தினார்கள். அடுத்த வருடமே செம்பு விலையும் சரிந்தது. இதே 1974இல்தான் முகமது அலிக்கும் ஜார்ஜ் போர்மனுக்கும் தலா 50 லட்சம் டாலர் கொடுத்துக் கின்ஷாசாவில் குத்துச்சண்டை நடத்தினார். மூதாதையர் ஊரான பதோலித்தேயில், காட்டுக்கு நடுவே, கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுதளமும் மாளிகைகளும் எழுந்தன.

அவர் வீழ்ச்சி எப்போது தொடங்கியது?

பனிப்போர் முடிந்ததும் மேற்குக்கு அவர் வேண்டாதவரானார். 1990 ஏப்ரலில் கண்ணீரோடு ஒரே கட்சி முறைக்கு முடிவு அறிவித்தார். ஆனால் சரிவைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு ரூபாய்த்தாள் போதும், அதாவது அவர்கள் ஊர் சயீர்த்தாள்.

1967இல் சயீர் நாணயம் வந்தபோது ஒரு சயீருக்கு இரண்டு டாலர். 1992 கடைசியில் மொபுட்டு 50 லட்சம் சயீர் நோட்டு ஒன்றை வெளியிட்டார். அதன் மதிப்பும் கிட்டத்தட்ட அதே இரண்டு டாலர்! எதிர்க்கட்சித் தலைவரும் அப்போதைய பிரதமருமான எத்தியன் சிசெகெடி அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார். கடைக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். சிக்கல் என்னவென்றால், 1993 ஜனவரியில் சிப்பாய்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தது அந்த நோட்டைத்தான். துப்பாக்கியும் கையுமாகக் கடைக்குப் போனவனிடம் 'இது செல்லாது' என்றால் என்ன நடக்கும்? சூறையாடல். அந்தக் கலவரத்தில் பிரான்ஸின் தூதரே கொல்லப்பட்டார்.

யார் சொன்னால் காசு காசாகும் என்பதில் ஜனாதிபதி தோற்றிருந்தார். அவரிடம் மிச்சமிருந்தது நன்றாகச் சம்பளம் வாங்கிய மெய்க்காவல் படை மட்டும்.

ருவாண்டா இதற்குள் எப்படி வந்தது?

1994இல் ருவாண்டாவில் டுட்சி மக்கள்மீது இனப்படுகொலை நடந்தது. அதை நடத்தியவர்கள் தோற்று ஓடியபோது, தங்கள் ஹூட்டு இனத்தைச் சேர்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளோடு எல்லை தாண்டிக் கிழக்குக் காங்கோவில் முகாம் போட்டார்கள். கொலைகாரர்கள் முகாம்களைக் கைப்பற்றி, அங்கிருந்தே ருவாண்டாமீது தாக்குதல் நடத்தினார்கள். மொபுட்டு தடுக்கவில்லை.

1996இல் ருவாண்டாவும் உகாண்டாவும் படை அனுப்பின. 'எங்கள் படையெடுப்பு' என்று சொல்லிக்கொள்ள முடியாதே, உள்ளூர் முகம் ஒன்று வேண்டும். சே குவேராவை நோகவைத்த அதே லோரான் கபிலா, இப்போது ஐம்பதைத் தாண்டியவர், அகப்பட்டார். ஏழு மாதத்தில் நாட்டின் குறுக்கே நடந்து வந்தார்கள். மொபுட்டுவின் படை பெரும்பாலும் சண்டையிடவே இல்லை, கொள்ளையடித்துவிட்டு ஓடியது. முகாம்களிலிருந்து காட்டுக்குள் ஓடிய அகதிகள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், அது தனியாக எழுத வேண்டிய கொடுமை. 1997 மே 17 கின்ஷாசா விழுந்தது. புற்றுநோயோடிருந்த மொபுட்டு செப்டம்பரில் மொராக்கோவில் இறந்தார்.

கபிலா ருவாண்டாவுக்கே எதிரியானது ஏன்?

வேறு வழியில்லை. காங்கோவின் படைத் தலைமை அதிகாரியே ஜேம்ஸ் கபரேபே என்ற ருவாண்டா அதிகாரிதான். வெளிநாட்டான் துப்பாக்கியில் வந்தவர் என்று கின்ஷாசாவே முணுமுணுத்தது. 1998 ஜூலையில் எல்லா ருவாண்டா வீரர்களும் வெளியேற வேண்டும் என்றார் கபிலா. ஆகஸ்டில் அடுத்த போர். அதே கபரேபே, கிழக்கு எல்லையிலிருந்து மேற்குக் கடற்கரையோரத் தளத்துக்கு, நாட்டின் முழு அகலத்தையும் தாண்டி, விமானங்களில் வீரர்களை இறக்கினார். இங்கா அணையைப் பிடித்துத் தலைநகரை இருட்டாக்கினார். அங்கோலாவும் சிம்பாப்வேயும் நமீபியாவும் கபிலாவுக்குத் துணை வராவிட்டால் கதை அப்போதே முடிந்திருக்கும்.

போர் இழுத்தது. 2000 ஜூனில் கூட்டாளிகளான ருவாண்டாவும் உகாண்டாவுமே கிசங்கானி நகரில் ஒன்றையொன்று ஆறு நாள் சுட்டன. இறந்ததோ அந்த ஊர்ச் சனங்கள். 1998 முதல் 2007 வரை போராலும் அதோடு வந்த பசி, நோயாலும் 54 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஓர் உதவி அமைப்பு மதிப்பிட்டது. அந்த எண் அதிகம் என்று மறுப்பவர்களும் உண்டு.

2001 ஜனவரி 16 அன்று கபிலாவைத் தன் சொந்த மெய்க்காவலரில் ஒருவரே சுட்டார். மறுநாள் லுமும்பாவின் நாற்பதாம் நினைவு நாள். மகன் ஜோசப் கபிலா 29 வயதில் நாற்காலியில் வைக்கப்பட்டார்.

இதெல்லாம் இனக்குழுச் சண்டைதானே?

இந்தப் பதில் சோம்பேறித்தனமானது என்பது என் கருத்து. இனம் இருக்கிறது, ஆனால் அதைச் சண்டையாக்குவது சட்டமும் நாற்காலியும். கிழக்கில் ருவாண்டா மொழி பேசும் மக்கள் பலகாலமாக இருக்கிறார்கள், பெல்ஜியர்கள் தோட்ட வேலைக்கு அழைத்து வந்தவர்களும் உண்டு. 1972இல் மொபுட்டு அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கொடுத்தார். அப்போது அவருடைய அலுவலகத் தலைவர் பிசெங்கிமானா, ருவாண்டா வம்சாவளிக்காரர். 1977இல் அவர் பதவி போனது. 1981இல் புதுச் சட்டம் அந்தக் குடியுரிமையைப் பறித்தது. ஒரே மனிதர், ஒரே நிலம், ஒன்பது ஆண்டில் குடிமகனாகி அந்நியனுமாகிவிட்டார். நிலம் யாருக்கு என்ற சண்டை அதன்பின் வராமல் எப்படி இருக்கும்?

2018 தேர்தலில் உண்மையில் ஜெயித்தது யார்?

ஜோசப் கபிலாவின் பதவிக்காலம் 2016இல் முடிந்தும் இரண்டு ஆண்டு தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியில் 2018 டிசம்பர் 30 அன்று வாக்குப்பதிவு. மின்னணு இயந்திரத்தை மக்கள் நம்பவில்லை. பிரெஞ்சில் வாக்களிப்பது 'வோத்தே', திருடுவது 'வோலே'. ஒரே எழுத்தை மாற்றி 'திருட்டு இயந்திரம்' என்று பெயர் வைத்தார்கள். எபோலா என்று காரணம் சொல்லி பெனி நகரில் வாக்குப்பதிவு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் தாங்களே வரிசையில் நின்று, பட்டியல் போட்டு, தாங்களே ஒரு பாவனைத் தேர்தல் நடத்தினார்கள்! கணக்கில் சேராது என்று தெரிந்தே நின்ற வரிசை அது.

பெலிக்ஸ் சிசெகெடி, மேலே நோட்டு செல்லாது என்ற எத்தியனின் மகன், 38 சதவீதத்துச் சொச்சத்தோடு வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. சுமார் 40,000 பார்வையாளர்களை நிறுத்தியிருந்த கத்தோலிக்கத் திருச்சபை தன் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை என்றது. கசிந்த கணக்குகள் இன்னொரு எதிர்க்கட்சி வேட்பாளரான மார்த்தின் பயுலு பெரிய வித்தியாசத்தில் முன்னணி என்று காட்டின. தன் ஆள் தேறமாட்டார் என்று தெரிந்த கபிலா, இரண்டு எதிரிகளில் பேரத்துக்கு ஒத்துவருபவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதே பரவலான கருத்து, என்னுடையதும். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கபிலாவின் கூட்டணிக்கே இருந்தது. 2020 முடிவதற்குள் சிசெகெடி அந்த உறுப்பினர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தூக்கிவிட்டவர் தெருவில் நின்றார்.

இப்போது நிலைமை என்ன?

தேர்தல் முடிவை அறிவித்த ஆணையத் தலைவர் கொர்னேய் நங்கா, 2023 டிசம்பரில் தன் அரசியல் கூட்டணியை ஆயுதக் குழுவான எம்23-உடன் சேர்த்துக்கொண்டார். யாரை ஜனாதிபதி என்று அறிவித்தாரோ அவரை இறக்கத்தான். ருவாண்டாவின் ஆதரவு அந்தக் குழுவுக்கு உண்டு என்று ஐ.நா. வல்லுநர்கள் சொல்கிறார்கள், ருவாண்டா மறுக்கிறது. செல்பேசிக்குத் தேவையான டான்டலத்தின் மூலக்கனிமமான கோல்டான் கிடைக்கும் ருபாயா சுரங்கம் 2024இல் எம்23 கைக்குப் போனது. கிழக்கின் பெரிய நகரங்களும் அதன் கைக்குப் போயின: 2025 ஜனவரி இறுதியில் கோமா, பிப்ரவரியில் புகாவு. மே மாதம் கோமாவில் தலைகாட்டியவர் ஜோசப் கபிலா! செப்டம்பரில் கின்ஷாசா ராணுவ நீதிமன்றம் அவருக்கு, அவர் இல்லாமலே, மரண தண்டனை விதித்தது. இடையில் ஜூன் 27 அன்று காங்கோவும் ருவாண்டாவும் வாஷிங்டனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பேச்சில் கனிமங்களுக்கும் இடமிருந்தது. உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ எழுபது சதவீதம் வெட்டியெடுக்கும் நாட்டோடு வேறெதைப் பேசுவார்கள்?

லுமும்பாவின் உடலை எங்கே புதைத்தார்கள்?

உடல் இல்லை. சுட்ட சில நாளில் ஒரு பெல்ஜியக் காவல் அதிகாரி உடல்களைத் தோண்டியெடுத்து, துண்டாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்தார். தடயமே இருக்கக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் பல்லை வீட்டுக்கு எடுத்துப்போனதாக அவரே பின்னாளில் சொன்னார். 2016இல் அவர் மகளிடமிருந்து பெல்ஜியக் காவல்துறை ஒரு பல்லைக் கைப்பற்றியது, தங்க உறை போட்ட பல். 2022 ஜூன் 20 அன்று பிரஸ்ஸல்ஸில் ஒரு சிறிய பெட்டியில் வைத்து லுமும்பாவின் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பெட்டியைச் சவப்பெட்டிக்குள் வைத்து அவர் பிறந்த ஊருக்கும், அவர் போய்ச் சேர முடியாத கிசங்கானிக்கும், கொல்லப்பட்ட லுபும்பாஷிக்கும் கொண்டுபோனார்கள். ஜூன் 30 அன்று, அந்தப் பேச்சு பேசி 62 ஆண்டு நிறைந்த நாளில், கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள். 2024 நவம்பரில் யாரோ அந்த நினைவிடத்தை உடைத்துப் புகுந்தார்கள். பல் பத்திரமாக இருக்கிறது என்றது அரசு.